முயலை விரட்டிய கரிசல் காட்டு வீரன்... சிப்பிப்பாறை நாயின் கதை!

ஒட்டிய வயிறு, நீண்ட முகம், குச்சி குச்சியாய் கால்கள். பார்த்தால் நாலு நாள் பட்டினி கிடந்த நாய் மாதிரி இருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்து விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். அதுதான் சிப்பிப்பாறை நாய்!

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே உள்ள சிப்பிப்பாறை கிராமத்தின் பெயர்தான் இந்த நாய்க்கும் வந்தது. சுற்றியுள்ள நெல்லை, தூத்துக்குடி, மதுரை மாவட்ட கிராமங்களிலும் இதை வளர்க்கிறார்கள்.

கண்தான் ஆயுதம்

மற்ற வேட்டை நாய்கள் பெரும்பாலும் மோப்பம் பிடித்துப் போகும். சிப்பிப்பாறை அப்படி இல்லை. கண்ணால் பார்த்து, ஓடியே பிடிக்கும். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் மரம், மறைவு எதுவும் கிடையாது. முயல் கிளம்பினால் தூரத்திலேயே தெரியும். அதை எட்டிப் பிடிக்க வேகம் வேண்டும். இதற்காகவே வேகமாக ஓடும் நாய்களாகப் பார்த்து இணை சேர்த்து, தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய இனம் இது.

ஆழமான நெஞ்சுக்கூடு இருப்பதால் மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது. குட்டை ரோமம் என்பதால் தென்மாவட்ட வெயிலையும் தாங்குகிறது. கம்பங்கூழ், கேப்பைக்கூழ் குடித்தே வளர்ந்த நாய் இது.

அரபு நாட்டு சலூக்கி நாயும் பார்க்க கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால் குதிரை வியாபாரிகளோடு கப்பலில் வந்த நாயின் வம்சம் இது என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அது செவிவழிக் கதைதான்.

கன்னி எது?

இதே உடல்வாகில், கருப்பு நிறத்தில், கண்ணுக்கு மேலும் காலிலும் செம்பழுப்பு திட்டுகளோடு இருப்பது கன்னி நாய். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு சீதனமாகக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். ராஜபாளையம் நாய் வேறு இனம். அது வெள்ளை நிறம், ரோஜா நிற மூக்கு, கனத்த உடம்பு கொண்டது.

வேட்டை போச்சு

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு முயலைப் பிடித்தாலும் வழக்குதான். காட்டு உயிர்களைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது. வேலை இல்லாத நாயை ஏழை விவசாயி எத்தனை நாள் வளர்ப்பார்? வளர்ப்பது குறைந்தது. வேகத்துக்காக கிரேஹவுண்டு போன்ற வெளிநாட்டு நாயோடு கலந்ததில் அசல் ரத்தமும் குறைந்தது.

2005-ல் தபால் துறை 4 நாட்டு நாய்களுக்கு தபால் தலை வெளியிட்டது. ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்கு இல்லை. ஆனால் மத்திய அரசின் கால்நடை மரபு வள அமைப்பு தன் பதிவேட்டில் முதன்முதலாகச் சேர்த்த 3 நாய் இனங்களில் ராஜபாளையம், கர்நாடகத்தின் முதோல் ஆகியவற்றோடு சிப்பிப்பாறையும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலியில் பெயர் சொல்லிப் பேசிய நாட்டு நாய்களிலும் இது ஒன்று.

வாங்குபவர்கள் கவனத்துக்கு...

பெயர் பரவியதும் ஆசைப்பட்டு வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. இது ஓடப் பிறந்த நாய். நாள் முழுக்க சங்கிலியில் கட்டிப் போட்டால் நோஞ்சானாகிவிடும். தினமும் திறந்த வெளியில் ஓட விட வேண்டும். மெலிந்திருக்கிறதே என்று சோறு போட்டு குண்டாக்கவும் கூடாது. குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் நாயை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது. அசல் ரத்தம் நிலைப்பது வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.