சேற்றுக்குப் பிறந்த டிராக்டர்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். புது வீடு, சுற்றி இரண்டு ஏக்கர் புல். "மாமா, பழைய குபோட்டா டிராக்டர் ஒண்ணு பாதி விலைக்கு வருது. அடியில புல்வெட்டுற டெக் மாட்டிக்கலாம்னு சொல்றாங்க. ஸ்டிக்கர் எல்லாம் ஜப்பான் எழுத்துல இருக்கு. வாங்கலாமா?"

ஜப்பான் எழுத்து என்றதும் எனக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

முதலில் புல்வெட்டி. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளி ஆலையில் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் சுழல்கத்தியைப் பார்த்து, அதையே புல்லின் மேல் உருட்டினால் என்ன என்று யோசித்தவர். பிறகு பெரிய புல்வெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன. குளம்புத் தடம் பதியாமலிருக்கக் குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்களாம்! இன்றைய டெக் வேறு ஜாதி. ஒரு இரும்பு மூடிக்குள் தட்டையான பிளேடுகள் படுவேகமாகச் சுற்றி, புல்லை அடித்தே வெட்டுகின்றன.

டிராக்டரின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. ஜப்பானின் நெல்வயல்கள் சின்னவை. நம்ம ஊர் நஞ்சை மாதிரி சேறு வேறு. அதற்கேற்ப குபோட்டா போன்ற கம்பெனிகள் எடை குறைந்த சின்ன டிராக்டர்களைச் செய்தன. சேற்றைக் கலக்க ரோட்டவேட்டர் ஓட்டுவதுதான் அவற்றின் முக்கிய வேலை. ஜப்பான் விவசாயி ஓட்டி முடித்த பழைய வண்டிகளைச் சில வியாபாரிகள் அமெரிக்காவில் கொண்டுவந்து விற்றார்கள். பெரிய தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு விலையும் அளவும் பிடித்துப்போனது.

குபோட்டா வழக்குப் போட்டது. 1997-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் பெரும்பாலான மாடல்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டிகள் போலி அல்ல. அதே கம்பெனி செய்து, அதே பெயர் பொறித்த அசல் வண்டிகள்தான். ஆனால் அமெரிக்காவுக்கென்று செய்தவை மண்ணும் கல்லும் தூக்க, புதர் வெட்ட ஏற்றபடி உறுதியாகக் கட்டப்பட்டவை. ஜப்பான் வயலுக்குச் செய்தவை அப்படி இல்லை. பி.டி.ஓ வேகம், அதற்கான காப்பு மூடி, சக்கர இடைவெளி என்று வித்தியாசங்கள் நீண்டன. எச்சரிக்கை வாசகங்கள் ஆங்கிலத்தில் இல்லை என்பதையும் நீதிமன்றம் பெரிதாகவே எடுத்துக்கொண்டது. ஓட்டுபவனால் படிக்க முடியாத எச்சரிக்கை என்ன எச்சரிக்கை?

இதை வெறும் வியாபாரச் சண்டை என்று தள்ளிவிடலாம். கம்பெனிக்குப் புது வண்டி விற்க வேண்டும், உண்மைதான். ஆனால் எந்த மண்ணுக்குச் செய்த வண்டி என்ற கேள்வி வாங்குகிறவனுக்கும் உரியது.

மருமகனிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, வண்டியின் வயிற்றுப் பக்கம் பி.டி.ஓ இருக்கிறதா? முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் டெக் அதிலிருந்துதான் சுற்றும். பின்பக்கம் மட்டும் இருந்தால் பின்னால் மாட்டும் புல்வெட்டிதான் சரி. இரண்டு, உதிரிபாகம் அங்கே கிடைக்குமா? மூன்று, கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவும் சீட் பெல்ட்டும் உண்டா? அமெரிக்காவில் புது டிராக்டர்களில் 1985 முதல் கம்பெனிகள் தாமாகவே அதைப் பொருத்தி விற்கின்றன. பழைய இறக்குமதி வண்டிகள் பலவற்றில் கிடையாது.

மறுநாள் போட்டோ அனுப்பினான். வயிற்றில் பி.டி.ஓ இருந்தது. வளைவு இல்லை. வீட்டுக்குப் பின்னால் நிலம் குளத்தை நோக்கிச் சரிகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னான்.

"சமமான வயல்ல ஓடின வண்டிடா அது, சரிவுல ஏத்தாதே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி மாமா, வளைவு இருக்கிறதா பார்க்கிறேன். விலை கூடத்தான் ஆகும்" என்றான்.

ஆகட்டும்.