திண்ணைத் தபாலாபீஸ்

இந்தியா விடுதலை அடைந்தபோது நாட்டில் இருந்த தபாலாபீஸ்கள் 23,344. இன்று ஏறத்தாழ 1,65,000. உலகிலேயே பெரிய அஞ்சல் துறை நம்முடையது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஆபீஸ்களில் மிகப் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அவற்றை நடத்துகிறவர்கள் அரசு ஊழியர்களுக்குச் சமமானவர்கள் அல்லர் என்று அரசே விதியில் எழுதி வைத்திருக்கிறது. துறைக்கும் அவர்களுக்கும் பல தலைமுறையாக ஓயாமல் நடக்கும் பிணக்கு இந்த ஓரிடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

நான் அப்படியொரு ஆபீஸ் நடந்த வீட்டில் வளர்ந்தவள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அப்பா தொடக்கப்பள்ளி வாத்தியார், கூடவே இ.டி. போஸ்ட்மாஸ்டர். எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல் என்பதன் சுருக்கம் அது. எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். இடம் கொடுக்க வேண்டியது போஸ்ட்மாஸ்டரின் பொறுப்பு, அதற்கு வாடகை கிடையாது.

காலை பஸ்ஸில், எங்கள் கிளைக்கு மேலே இருந்த கணக்கு ஆபீஸிலிருந்து தபால் பை வரும். அப்பா அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே சணலை அறுப்பார். உள்ளே இருக்கும் ஸ்லிப்பில் கண்டபடி பணம், ரிஜிஸ்டர் தபால், மணியார்டர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பிறகு தேதி முத்திரையில் நாளை மாற்றி, முதல் அடியைப் புத்தகத்தில் அடித்துப் பார்ப்பார். சாயங்காலம் தினக்கணக்கு எழுதி, பையைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அன்று வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது.

கைவசம் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்று பணத்துக்கு வரம்பு உண்டு. முதியோர் உதவித்தொகை மணியார்டர்கள் மொத்தமாக வரும் நாளில் அது போதாது. தினக்கணக்கில் பணம் கேட்டு எழுதிவிட்டு, அது வந்து சேரும்வரை திண்ணையில் காத்திருக்கும் பாட்டிகளுக்கு அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். இரவில் அந்த இரும்புப் பெட்டிக்கு அம்மா காவல். கல்யாணம் காட்சி என்று வெளியூர் போவதென்றால் அப்பா தன் பொறுப்பில் ஒரு பதிலாளை அமர்த்திவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் செய்யும் தவறுக்கும் அவரே ஜவாப்தாரி. எட்டு மணி நேர உத்தியோகம் பார்க்கிறவரிடம்கூட ஒரு துறை இவ்வளவு கேட்பதில்லை. இதற்குத் துறை போட்ட கணக்கு நாளுக்குச் சில மணி நேரம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1854இல் அஞ்சல் சட்டம் வந்து நாடு முழுக்க ஒரே துறையாகத் திரண்ட பிறகு, சிற்றூர்களுக்குத் தபாலைக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. நாளுக்குப் பத்துக் கடிதம் வரும் ஊரில் முழுநேர ஊழியரை வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் பள்ளி வாத்தியார், கடைக்காரர், நிலக்காரர், பென்ஷன் வாங்குகிறவர் ஆகியோரைப் பிடித்து, ஒரு சிறு படி கொடுத்து, அந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள். 1880இல் மணியார்டரும் 1882இல் சேமிப்பு வங்கியும் வந்தன. கடிதம் மட்டும் கையாண்டவர் இப்போது ஊரின் பணத்தையும் கையாளத் தொடங்கினார்.

தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். வாத்தியாருக்குப் பள்ளிச் சம்பளம் உண்டு, நிலக்காரருக்கு விளைச்சல் உண்டு. தபால் வேலை அவருக்குக் கௌரவம், மேல்வரும்படி. சர்க்காருக்கோ, ஊரார் ஏற்கெனவே நம்பும் ஒரு மனிதர் சொற்பக் காசுக்குக் கிடைத்தார். பாஸ்புக்கை நீட்டும் பெண் சர்க்காரை நம்பி நீட்டவில்லை, "வாத்தியார் ஐயா இருக்கார்" என்று நம்பி நீட்டினாள். இன்ன வீட்டுப் பிள்ளை பட்டாளத்திலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான், இன்னாருக்குக் கண் தெரியாது, கடிதத்தைப் படித்தும் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

காலம் மாறியது. விடுதலைக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் கிளைகள் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் நிலக்காரர்கள் அல்லர். படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காதவர்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள். அப்பாவுக்குப் பின் எங்கள் ஊர் ஆபீஸுக்கு வந்தது அடுத்த தெரு அக்கா ஒருத்தி. சேர்வதற்கு வேறு வருமானம் உண்டு என்று தாசில்தார் சான்று காட்ட வேண்டும். அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது மழை பெய்தால் மட்டும் விளையும் கொஞ்சம் மானாவாரி நிலம். காகிதத்தில் அது வருமானம். அடுப்பு எரிந்தது தபால் வேலையால்தான்.

விதியோ அந்தப் பழைய நிலக்காரரையே மனத்தில் வைத்துக்கொண்டு நின்றது. 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இவர்களுக்குத் தண்டனைகளை அரசு ஊழியர்களுக்குப்போல வகுத்தன. பாதுகாப்பை மட்டும் அப்படி வகுக்கவில்லை. புகார் வந்தால் 'புட் ஆஃப் டூட்டி', அதாவது வேலையிலிருந்து தள்ளி வைப்பது. விசாரணை முடியும்வரை ஒரு பைசா கிடையாது. ஆண்டுக்கணக்கில் இழுத்தாலும் அப்படித்தான். வழக்குமன்றங்கள் இதைத் தவறென்று சொன்ன பிறகு, 1990களில்தான் படியில் ஒரு பகுதியைக் கருணைத்தொகையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்புக்கில் பதிந்துவிட்டுக் கணக்கில் ஏற்றாமல் பணத்தை விழுங்கிய போஸ்ட்மாஸ்டர்கள் உண்டு. பாடுபட்டுச் சேர்த்த ஆர்.டி. பணம் போன கூலிப் பெண்ணின் அழுகைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மெயில் ஓவர்சியர் திடீரென்று வந்து இருப்பை எண்ணுவதும், இன்ஸ்பெக்டர் பாஸ்புக்குகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதும் அவசியமே. அப்பாவும் அதைத் தவறென்று சொன்னதில்லை. ஆனால் லட்சக்கணக்கில் பொதுப்பணத்தை ஒப்படைத்து, அதற்கு முழுப் பொறுப்பும் சுமத்திவிட்டு, "நீங்கள் துறைக்கு வெளியே நிற்கிறவர்" என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1977 ஏப்ரலில் வந்த பி.கே.ராஜம்மா வழக்கின் தீர்ப்பு, துறைக்குப் புறம்பான ஏஜென்ட் தற்காலிகக் கூலியாள் அல்லர், ஒன்றிய அரசின் கீழ் ஒரு குடிமைப் பதவி வகிப்பவர் என்றது. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அவருக்கும் உண்டு, விளக்கம் கேட்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. கிளை போஸ்ட்மாஸ்டர்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் இல்லை. ஆனால் அதே தீர்ப்பு, அந்தப் பதவி வழக்கமான அரசுப் பணிகளுக்கு வெளியே உள்ளது என்றும் குறித்திருந்தது. துறை பிடித்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

பிறகு கமிட்டிகள். மற்ற ஊழியர்களுக்கு ஊதியக் குழு அமைந்த ஒவ்வொரு முறையும் இவர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தனியாக ஒரு கமிட்டி வரும். 1980களில் சவூர், 1990களில் நீதிபதி தல்வார், ஆறாவது ஊதியக் குழுவின்போது நடராஜமூர்த்தி, ஏழாவதின்போது கமலேஷ் சந்திரா. இவற்றில் எனக்கு மதிப்புள்ளது தல்வார் அறிக்கை. செய்யும் மணி நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் துறை ஊழியருக்குரிய பலன்கள் இவர்களுக்கும் சேர வேண்டும் என்ற நேரான நோக்கில் அது பேசியது. அரசு எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். நிலையான படிக்குப் பதிலாக ஆண்டு உயர்வுள்ள படி 1998இல் வந்தது. 2001இல் இ.டி. என்ற பெயர் போய் 'கிராமின் டாக் சேவக்' என்ற பெயர் வந்தது. நிலைமை மாறவில்லை. 2011 விதிகள் இன்னும் அழுத்தமாக எழுதப்பட்டன: நாளுக்கு அதிகபட்சம் 5 மணி நேர வேலை, 65 வயதுவரை பணி, குடும்பம் நடத்த வேறு வருமானம் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும், அரசு ஊழியருக்குச் சமம் என்று உரிமை கோரக் கூடாது.

வேலையோ கூடிக்கொண்டே போனது. 1995இல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு வந்தது, கூடவே ஆள் பிடிக்கும் இலக்கும் வந்தது. 2017இன் கடைசியில் தர்ப்பண் திட்டத்தின் கைக்கருவிகள், 2018 செப்டம்பரில் அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி. கருவியைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக மொட்டை மாடியும் கண்மாய்க்கரையும் ஏறுகிறவரின் நேரத்தை எந்த ஐந்து மணி நேரக் கணக்கும் காட்டாது.

கமலேஷ் சந்திரா அறிக்கை 2016 நவம்பரில் கொடுக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டு அசைவில்லை. 2018 மே 22 அன்று நாடெங்கும் கிராம அஞ்சல் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். பைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. 16ஆம் நாள், ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நான்கு மணி நேர வேலைக்குக் கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500, அதன்மேல் அகவிலைப்படி. 3 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு இது பயன் தந்தது. நல்ல உயர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓய்வூதியக் கேள்வி அப்படியே நின்றது. 2019 நவம்பரில் காந்திபா பெஹரா வழக்கில், பின்னால் துறையில் நிரந்தரம் ஆனவர்களுக்குக்கூட, சேவக்காக இருந்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குச் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதி அப்படி இருக்கும்போது நீதிமன்றம் வேறு சொல்ல இடமில்லை. மாற வேண்டியது விதி.

அந்த அக்கா 65 வயதில் வீட்டுக்கு வந்தாள். கிடைத்தது ஒரு சிறு பணிக்கொடையும் ஒரு சேமிப்புத் தொகையும். மாதாமாதம் ஊர்ப் பாட்டிகளுக்கு உதவித்தொகை எண்ணிக் கொடுத்தவளுக்கு இனி மாதம் பிறந்தால் வருவது எதுவும் இல்லை.

'வேறு வருமானம் உண்டு' என்று எழுதி வாங்கும் விதியை முதலில் எடுத்துவிடுங்கள். அது இன்று பெரும்பாலோர் விஷயத்தில் உண்மை அல்ல என்பது எழுதி வாங்குகிறவருக்கும் தெரியும். நான்கு மணி நேரம் உழைத்தவருக்கு எட்டு மணி நேரத்தவரின் ஓய்வூதியத்தில் பாதி என்று வைத்தாலே போதும். இதற்குப் புதிய கமிட்டி தேவையில்லை. விகிதப்படி பலன் என்ற வழியை நீதிபதி தல்வார் 1997லேயே காட்டிவிட்டார்.