கோப்பைத் தேர்வதே அனுமதி: மேசைக்கணினிச் செயலிகள் அடைப்புக்குள் வந்த வரலாறு

யூனிக்ஸ் மரபில் கோப்பைத் திறக்கும் உரிமை ஆளுக்கு உரியது, செயலிக்கு அல்ல. ஒருவர் நிறுவிய சிறு விளையாட்டுச் செயலியும் அவருடைய கடிதங்கள், கணக்குகள், மறைகோப்புறையில் கிடக்கும் கடவுச்சாவிகள் அனைத்தையும் படிக்கலாம். எந்த நிரலும் தன் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டுமே பெறவேண்டும் என்று சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதினர். அந்த நெறி மேசைக்கணினியை எட்டுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

நிரலைக் கோப்பு மரத்தின் ஒரு கிளைக்குள் அடைக்கும் சிஎச்ரூட் 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் வந்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அதை ‘ஜெயில்’ என்னும் உறுதியான அடைப்பாக வளர்த்தது. இவை வழங்கிகளுக்குப் பொருந்தின. வலை வழங்கி எந்தக் கோப்புகளைத் தொடும் என்பது முன்பே தெரியும். எழுத்துச் செயலிக்கு அப்படி இல்லை. எதைத் திறப்பது என்பதைப் பயனர் அந்தக் கணத்தில்தான் முடிவுசெய்கிறார். வீட்டுக்கோப்புறை முழுவதையும் கொடுத்தால் அடைப்புக்குப் பொருளில்லை. கொடுக்காவிட்டால் செயலிக்குப் பயனில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது ‘பவர்பாக்ஸ்’ என்ற எண்ணம். இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே. கோப்பு தேர்வுச் சாளரத்தைச் செயலி வரையாமல், நம்பகமான வேறொரு நிரல் வரைகிறது. பயனர் சுட்டிய கோப்பு மட்டும் செயலியின் கைக்குப் போகிறது. ஹெச்பி ஆய்வகத்தின் போலாரிஸ் என்னும் மென்பொருள் இதை விண்டோஸ் எக்ஸ்பியில் செய்துகாட்டியது. ஆப்பிள் 2012 ஜூன் முதல் தன் மேக் ஆப் ஸ்டோரில் இம்முறையிலான அடைப்பைக் கட்டாயமாக்கியது.

லினக்ஸில் அடித்தளம் மெல்லத்தான் சேர்ந்தது. நிரல்கள் தொடும் கோப்புகளை வரம்பிடும் ஆப்பார்மர் 2010இல் கர்னலில் இணைந்தது. சாதாரணப் பயனரும் அடைப்பை அமைக்க உதவும் பயனர் பெயர்வெளிகள் 2013இல் முழுமை பெற்றன. 2016இல் செயலிகளை அடைப்புடன் வழங்கும் பொதிமுறை ஒன்று பிளாட்பேக் என்ற பெயரில் வெளிவந்தது; அதன் ‘போர்ட்டல்’ பவர்பாக்ஸின் வழித்தோன்றல். அதே ஆண்டு உபுண்டு 16.04 இதே நோக்கிலான ஸ்னாப் பொதிகளைக் கொண்டுவந்தது. ஸ்னாப் முறையில் ‘ஹோம்’ என்னும் அனுமதி இணைப்பைப் பெற்ற செயலி வீட்டுக்கோப்புறையின் வெளிப்படையான கோப்புகளைக் காணும், மறைகோப்புகளைக் காணாது.

கேரளத்துப் பள்ளிகளுக்கு இந்த மாற்றம் தொலைதூரச் செய்தியன்று. 2001-02இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அது கைட் நிறுவனமானது. 2019இல் உபுண்டு 18.04 அடிப்படையிலான பள்ளி இயங்குதளம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்காக வெளியிடப்பட்டது. உபுண்டு செல்லும் திசையை இத்தகைய ஆய்வகங்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. 2021 முதல் உபுண்டு தன் ஃபயர்ஃபாக்ஸையே ஸ்னாப்பாக வழங்குகிறது. பென்டிரைவ்களுக்கான இணைப்பு பெரும்பாலான ஸ்னாப்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. மாணவர் கொண்டுவந்த பென்டிரைவைச் செயலி திறக்க மறுத்தால், அது பழுதா அனுமதிக் குறைவா என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பயனர் கணக்கைப் பல மாணவர்கள் பகிரும் இடத்தில் இன்னொரு வரம்பும் உண்டு: அடைப்பு செயலிகளைப் பிரிக்கும், மாணவர்களைப் பிரிக்காது.

இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு அடைப்பு வேறொரு தடையையும் உண்டாக்கியது. தமிழோ மலையாளமோ தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், செயலிக்கு வெளியே ஓடும் நிரல். அதனுடன் தங்குதடையின்றிப் பேசவிட்டால் அடைப்பில் ஓட்டை விழும். எனவே ஐபஸுக்கும் தனிப் போர்ட்டல் எழுத வேண்டியதாயிற்று. எழுத்துருக்களைப் பிளாட்பேக் படிக்க மட்டும் திறந்துவைக்கிறது.

ஆயினும் பல பிளாட்பேக் செயலிகள் இன்றும் வீட்டுக்கோப்புறை முழுவதற்கும் அனுமதி கேட்டே வெளியாகின்றன. போர்ட்டலைப் பயன்படுத்தும்படி பழைய நிரல்கள் திருத்தப்படாததே முக்கியக் காரணம். எக்ஸ்11 திரையமைப்பில் ஒரு செயலி மற்றொன்றின் விசைத்தட்டல்களை ஒட்டுக்கேட்கலாம் என்பதால், கோப்பு அடைப்பு மட்டும் அங்கே போதாது. அதற்கு மாற்றான வேலண்ட் திரையமைப்பு அந்த வழியை அடைக்கிறது. 2021இல் கர்னல் 5.13இல் சேர்ந்த லேண்ட்லாக், நிர்வாகியின் தயவின்றி ஒரு நிரல் தன் கோப்பு உரிமைகளைத் தானே குறைத்துக்கொள்ள வழிசெய்கிறது.