வெள்ளை அங்கியும் வெள்ளைச் சட்டையும்

1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த ஜெசூட் பெண்ட் என்னும் சிற்றூருக்குத் திருப்பலி நிறைவேற்றக் குருவானவர் ஒருவர் வந்தார். அவர் கறுப்பினத்தவர். வெள்ளையர் சிலர் அவரை மறித்துத் திருப்பி அனுப்பினர். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் அக்கோவிலில் வழிபாடுகளை நிறுத்திவைத்தார். இயேசு சபையாரின் பெயர் தாங்கிய ஊரில் குருவுக்கே இடமில்லாமற் போயிற்று!

நிறவெறி என்றதும் நம் நினைவுக்கு வருவது வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த கு கிளக்ஸ் கிளான். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படைவீரர் சிலர் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய கூட்டம் அது. 1870-களில் ஒடுக்கப்பட்டு, 1915-இல் மீண்டும் தலையெடுத்தபோது, அதன் பகைவர் பட்டியலில் கறுப்பரோடு யூதரும் கத்தோலிக்கரும் சேர்ந்திருந்தனர்.

1921 ஆகஸ்ட் 11 அன்று அலபாமாவின் பர்மிங்காம் நகரில் அருட்தந்தை ஜேம்ஸ் காய்ல் தம் இல்லத்துத் தாழ்வாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகளுக்கும் போர்ட்டோ ரிக்கோ நாட்டுக் கத்தோலிக்கர் ஒருவருக்கும் அவர் திருமணம் செய்துவைத்திருந்தார். சுட்டவர் பெண்ணின் தந்தை, கிளான் உறுப்பினர். அவருக்காக வாதாடிய ஹியூகோ பிளாக், மணமகனின் நிறத்தையே நடுவர் குழுவின் முன் வாதப்பொருளாக்கினார். சுட்டவர் விடுதலையானார். பிளாக் பின்னர் தாமே கிளானில் சேர்ந்து, விலகி, உச்சநீதிமன்ற நீதிபதியும் ஆனார். பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1954 மே 17 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த ஒன்பதின்மருள் அவரும் ஒருவர். இறைவனின் வழிகள் விந்தையானவை.

அத்தீர்ப்பு வந்து இரண்டே மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்து இண்டியனோலாவில் 'குடிமக்கள் மன்றம்' தோன்றித் தென்மாநிலங்களில் விரைந்து பரவியது. இதற்கு அங்கியும் இல்லை, முகமூடியும் இல்லை. வங்கியாளரும் வழக்கறிஞரும் வணிகரும் பண்ணையாரும் சலவைச் சட்டையோடு பட்டப்பகலில் கூடினர். வன்முறை தங்களுக்கு உடன்பாடில்லை என்றனர். 1955-இல் யாசூ நகரில் பள்ளிப் பிரிவினையை நீக்கக் கோரிக் கறுப்பினத்தார் 53 பேர் மனுவில் கையெழுத்திட்டனர். மன்றம் அவர்களுடைய பெயர்களைச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரமாக வெளியிட்டது, அவ்வளவுதான். ஒருவருக்கு வேலை போயிற்று; மற்றொருவருக்குக் கடையில் சரக்கு மறுக்கப்பட்டது. ஏறக்குறைய அனைவரும் தம் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். துப்பாக்கி தேவைப்படவில்லை.

இவ்வியக்கத்தின் கவர்ச்சியை வெறுப்பு என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. அதில் சேர்ந்த எளிய மனிதனுக்கு ஊர்ப் பெரியவர்களின் அருகில் நாற்காலி கிடைத்தது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற உறுதியைச் சட்டம் அவனுக்கு இலவசமாக வழங்கியிருந்தது. வேறு சொத்தில்லாத அவனிடமிருந்து அதையும் பறிக்க வருகிறார்கள் என்று மன்றம் எச்சரித்தது. கத்தோலிக்கர்களை ஈர்க்க மேலும் ஒரு காரணம் இருந்தது. 1891-இல் இதே நியூ ஆர்லியன்சில் இத்தாலியர் 11 பேரை ஒரு கும்பல் கொன்றது. நேற்றுவரை அந்நியராக இகழப்பட்டோரின் மக்களுக்கு, 'நீங்களும் வெள்ளையரே' என்ற அழைப்பு எவ்வளவு இனித்திருக்கும்!

லூசியானாவில் மன்றத்தின் பெருந்தூண் லியாண்டர் பெரெஸ் என்ற கத்தோலிக்கர். முன்னாள் நீதிபதியான அவர் பிளாக்மின்ஸ் பகுதியின் முடிசூடா மன்னர். (அங்கே மாவட்டத்தையே 'பங்கு' என்றுதான் சொல்கின்றனர், பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சியின் எச்சம்.) பேராயர் ரம்மல் 1953-இல் ஆலய இருக்கையிலும் நற்கருணை வரிசையிலும் பிரிவினையை நீக்கினார், 1956-இல் பிரிவினை பாவம் என்றே மடல் எழுதினார். பொதுநிலையினர் சிலர் சங்கம் அமைத்து, அவருக்கு எதிராகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதருக்கே முறையிட்டனர். ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகளின் கதவு 1962 வரை திறக்கவில்லை. நகரின் அரசுப் பள்ளிகளில் 1960-லேயே 4 கறுப்பினச் சிறுமியர் நுழைந்துவிட்டனர். பாவம் என்று சொன்னபின்னும் ஆறு ஆண்டுகள் காத்திருந்ததை, பேராயர்மீது எனக்குள்ள மதிப்பு குறையாமலே, தவறென்றுதான் சொல்வேன். அந்த ஆண்டுகளில்தான் மன்றம் வளர்ந்தது.

1962 மார்ச் 27 அன்று பள்ளிகள் குறித்த ஆணை வந்தது. எதிர்த்தோருள் மூவர், புனித வாரத்துத் திங்களன்று, ஏப்ரல் 16-இல், திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டனர்: பெரெஸ், மன்ற அலுவலர் ஒருவர், ஓர் இல்லத்தரசி. அவ்வாண்டு பிளாக்மின்சின் புராஸ் என்னும் ஊரில் மாதா பள்ளிக்கு 5 கறுப்பினப் பிள்ளைகள் வந்தனர். அச்சுறுத்தல்களால் தொடர முடியவில்லை. 1963-இல் அப்பள்ளியில் வெடி வைக்கப்பட்டது.

திருச்சபை நீக்கம் வெளியே தள்ளுவதற்கன்று, திரும்பி வரச் செய்வதற்கான மருந்து என்று குருமடத்தில் படித்தோம். பெரெஸ் இறக்குமுன் திருச்சபையோடு ஒப்புரவானார். 1969-இல் அவருக்கு ஆலயத்தில்தான் இறுதித் திருப்பலி நடந்தது. அந்த இல்லத்தரசியையே நான் மறக்க இயலவில்லை. விவிலிய வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். பேராயர் இல்லத்துப் புல்வெளியில் அவர்முன் முழந்தாளிட்டு, பிரிவினை கடவுளின் சட்டமே என்று ஒப்புக்கொள்ளுமாறு மன்றாடினார். பின்னும் பல ஆண்டுகள் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.