குவியலுக்குள் ஈரம்

மதீனா நகரின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வணிகர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நாயகம் அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிம் தரும் செய்தி இது.

நனைந்த தானியம் நஞ்சன்று. அதை விற்பதும் தடுக்கப்படவில்லை. மறைத்ததே குற்றமாயிற்று.

இந்த நுட்பத்தை மனத்திற்கொண்டு அண்மை வரலாற்றை நோக்குவோம். களைக்கொல்லி தெளித்தாலும் மடியாதவாறு மரபணு மாற்றப்பட்ட சோயா, 1996இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. தீங்குண்டா, இல்லையா என்ற வாதத்தினூடே, உண்பது இன்னதென்று அறிவியுங்கள் என்னும் குரலும் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், தற்செயலாகக் கலந்த 0.9 விழுக்காட்டுக்கு மட்டும் விலக்களித்து, மேற்பட்டதைப் பொட்டலத்தின் மீது குறிக்கப் பணித்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் 2014இல் இயற்றிய சட்டம் 2016 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே மைய அரசின் சட்டம் அதனைச் செயலிழக்கச் செய்தது. புதிய சட்டமும் அறிவிப்பைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் எழுத்துக்குப் பதிலாகக் கைப்பேசியால் படிக்கும் குறியீட்டுக்கும் இடம் தந்தது. ஈரம் மேலே வந்ததா, குவியலுக்குள்ளேயே நின்றதா?

தீங்கை ஆராய்வது அறிஞர் கடன். மறைக்காமல் விற்பது வணிகர் கடன். நம்மிடையே வணிகர் பலர். நம் கடைக் குவியலில் முதலில் நாமே கைவிட்டுப் பார்ப்போமாக!