மலை ஒதுங்கி நின்ற இடம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் பிறந்தது; அதன் வரலாற்றை எழுதுவோர் பலரும் கல்வராயன் மலையிலிருந்தே தொடங்குகிறார்கள். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கிருந்து இறங்குவதால் அது இயல்புதான். ஆனால் இந்நிலப்பகுதியின் போக்கைத் தீர்மானித்தது மலையல்ல, மலைக்கு இருபுறமும் கிடந்த வழிகளே என்பது என் எண்ணம். வடக்கே சவ்வாது மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் செங்கம் கணவாய் இருக்கிறது; அதற்குத் தெற்கே தென்பெண்ணை குன்றுகளை அறுத்துக்கொண்டு சாத்தனூரில் வெளியேறித் திருக்கோவிலூருக்கு வருகிறது. தெற்கே வசிஷ்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. இப்பகுதியில் மேட்டுநிலத்திலிருந்து கடற்கரைச் சமவெளிக்கு இறங்குபவர் இவ்விரு பக்க வழிகளில் ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

திருக்கோவிலூருக்கு அருகே பெண்ணைக் கரைப் பக்கமுள்ள ஜம்பை ஊரில், பாறைக் குகையொன்றில் 1981-இல் கண்டறியப்பட்ட ஒற்றை வரிக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. தமிழி எழுத்தில் வெட்டிய அந்த வரி, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி இது என்கிறது. பாளி என்றால் துறவியர் தங்கும் இடம். அதியனுக்கு அங்கே தரப்பட்டிருக்கும் 'ஸதியபுதோ' என்ற பட்டம் அசோகரின் கல்வெட்டுகளில் வரும் அதே பெயர். தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், இருந்தவனுக்கு மலையமான் மரபினர் ஆண்ட நாட்டுக் குகையில் என்ன வேலை? அவன் கோவலூரை (இன்றைய திருக்கோவிலூர்) வென்றதைப் புறநானூற்றில் ஔவை குறிப்பிடுவதையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அந்தக் கோவலூரை ஆண்ட மலையமான் காரி, கொல்லி மலை ஓரியைக் கொன்றவன். நிலவமைப்பைப் பார்த்தால் கொல்லிக்குப் போகக் காரிக்கு ஆத்தூர்ப் பள்ளத்தாக்கே நேர்வழி.

ஊர்கள் தண்ணீரைத் தேடி எழுந்தவை, வழியைத் தேடியல்ல என்று மறுக்கலாம். உழவுக்கு அது முழு உண்மை, கோட்டைக்கு அல்ல. தியாகதுருகம் வறண்ட பாறைக்குன்று. நெல்லுக்காக அதை யாரும் முற்றுகையிடவில்லை. 1760-இல் புதுச்சேரியைக் காக்கத் தவித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர்ப் படையின் துணைக்கு விலையாக ஒப்படைத்த இடங்களில் அக்கோட்டையும் ஒன்று. ஆத்தூர் வழியாகத் தன் நாட்டிலிருந்து இறங்கும் படைக்கு அது வாசற்படி என்பது மைசூருக்குத் தெரியும். 1790-இல், அப்போது ஆங்கிலேயர் வசமிருந்த அதை மைசூரின் திப்பு தாக்கியபோது திருச்சிப் பக்கமிருந்து வந்தார், கணவாய் வழியாக அல்ல. கோட்டையைக் காத்த ஆங்கிலேயக் கேப்டன் பிளின்ட் தாக்குப்பிடித்தார். இது என் வாதத்தைச் சற்றே திருத்துகிறது: அக்குன்று வாசல் மட்டுமல்ல, தெற்கு வடக்காகச் செல்லும் பாதையும் மேற்கு வழியும் கூடும் சந்தியும்கூட. இன்றைய சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று அதே வரிசையில்தான் ஓடுகிறது.

அப்படியானால் மலைக்கே வரலாறு இல்லையா? உண்டு, வேறு மாதிரி. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்த கல்வராயன், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வெளியுலகம் அறியாத ஆதிவாசிகள் என்று இதற்குக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். காஞ்சிப் பக்கமிருந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்றே அவர்களின் வாய்மொழி மரபு சொல்கிறது. படையும் வரியும் வணிகமும் அடிவாரத்திலேயே இருபுறமும் கடந்து போய்விட்டதால், ஏறிப் பார்க்க எந்த அரசுக்கும் அவசரம் இருக்கவில்லை.