மறைவுக் கிறித்தவர், ஜப்பான்

ஜப்பானில் கிறித்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் (1614–1873) ஊருக்குப் பௌத்தராகவும் வீட்டுக்குள் கிறித்தவராகவும் வாழ்ந்த மக்கள். நாகசாகியும் அதைச் சூழ்ந்த கோட்டோ, இக்கிட்சுகி, அமக்குசா தீவுகளும் இவர்களின் முதன்மையான வாழிடங்கள். தடைக்காலத்தில் வாழ்ந்தோரைச் ‘சென்புக்கு கிரிஷித்தான்’ என்றும், தடை நீங்கிய பின்னும் திருச்சபையில் சேராமல் முன்னோர் வழக்கத்திலேயே நின்றோரைக் ‘கக்குரே கிரிஷித்தான்’ என்றும் இன்றைய ஆய்வாளர் பிரித்து வழங்குவர்.

பரவல். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். 1563இல் ஓமுரா சுமித்தாடா திருமுழுக்குப் பெற்று முதல் கிறித்தவச் சிற்றரசரானார். 1580இல் நாகசாகித் துறைமுகத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். போர்த்துகீசியரின் ‘பாத்ரே’ என்ற சொல் ஜப்பானியர் நாவில் ‘பத்தேரென்’ ஆயிற்று. அதே சொல்தான் தமிழில் ‘பாதிரி’.

தடைக்கான காரணங்கள். 1587இல் அப்போதைய ஆட்சியாளர் தொயொத்தோமி ஹிதேயோஷி பாதிரிமாரை வெளியேற்ற ஆணையிட்டார். கிறித்தவச் சிற்றரசர் சிலர் கோயில்களை இடித்ததும், போர்த்துகீசியர் ஜப்பானியரை அடிமைகளாக வாங்கிக் கடல் கடத்தியதும் அவர் சினத்துக்குக் காரணங்கள். 1596இல் சான் பெலிப்பே என்ற ஸ்பானியக் கப்பல் தோசாக் கரையில் சிதைந்தது. முதலில் பாதிரியும் பின்னால் படையுமாக ஸ்பெயின் நாடு பிடிப்பதாக அதன் மாலுமி ஒருவர் உளறியதாகச் சொல்வதுண்டு. இது உண்மையா, பிற்காலக் கட்டா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 1597 பிப்ரவரி 5 அன்று 26 கிறித்தவர் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் மும்பைக்கு வடக்கே வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். அவருக்குப் பின் வந்த தொக்குகாவா ஆட்சியில் காரணங்கள் மேலும் கூடின. புதிதாக ஒன்றுபட்ட நாட்டில், ஆட்சியாளருக்கு மேலான ஒருவருக்குக் கட்டுப்பட்ட குடிகளை அரசு ஐயுற்றது. கிறித்தவம் பரப்பாமலே வணிகம் செய்ய டச்சுக்காரர் முன்வந்ததால், போர்த்துகீசியரின் தேவையும் குறைந்தது. இவற்றுள் எது முதன்மையானது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. சமயக் கொள்கையைவிட அரசியல் அச்சமே பெரிது என்பார் பலர்.

ஒடுக்குமுறை. 1614இல் தடை நாடு முழுவதற்கும் விரிந்தது. அப்போதைய கிறித்தவர் எண்ணிக்கையை 3,00,000 என்பர், இது மதிப்பீடே. 1622இல் நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர் கொல்லப்பட்டனர். 1633இல் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட இயேசு சபைத் தலைவர் கிறிஸ்டோவாவ் பெரேய்ரா, சில மணி நேரத்தில் சமயத்தைத் துறந்தார். 1637–38இல் நடந்த ஷிமபாராக் கிளர்ச்சியில் ஹாராக் கோட்டைக்குள் இருந்தோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, ஏறத்தாழ 37,000 பேர் மாண்டனர் என்பர். கோட்டைமீது சுட ஒரு டச்சுக் கப்பலும் வந்தது. இக்கிளர்ச்சி சமயப் போரா, வரிக்கொடுமை தாங்காத உழவர் எழுச்சியா என்ற வாதம் ஓயவில்லை; அப்பகுதிச் சிற்றரசர் மத்சுக்குரா கத்சுயியே கிளர்ச்சிக்குப் பின் அரசாலேயே தலை வெட்டப்பட்டதை இரண்டாம் தரப்பார் சான்று காட்டுவர்.

இதன்பின் கொலையைவிடக் கண்காணிப்பே கருவியாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்துகொள்ள வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டின் குற்றத்துக்கு ஐந்தும் பொறுப்பு. தெருமுனை அறிவிப்புப் பலகையில், பாதிரியைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசு என விலை எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் பெயர்பெற்றது ‘ஃபுமி-எ’, அதாவது மிதிபடம். நாகசாகியில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி, ஏசு அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டை ஒவ்வொருவரும் மிதித்துக் காட்ட வேண்டும். முதலில் மரப்பலகையில் பதித்த படங்களே இருந்தன. அவை தேய்ந்துபோகவே 1669இல் பித்தளையில் 20 தகடுகள் வார்க்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு அவற்றிலும் முகத்தின் மூக்கும் கண்ணும் மழுங்கின. வெறுப்பால் மிதித்த கால் எது, வீட்டுக்குப் போய் மன்னிப்புச் செபம் சொன்ன கால் எது என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது.

மறைவு வாழ்க்கை. குருக்கள் இல்லை, நூல்கள் இல்லை. திருமுழுக்குக் கொடுக்கவும் திருநாள் குறிக்கவும் ஊரிலேயே ஆட்கள் இருந்தனர். குழந்தையை ஏந்திய கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் சிலையை மரியாளாக வணங்கினர். லத்தீன் செபங்கள் ‘ஒராஷோ’ என்ற பெயரில், பொருள் மறந்தும் ஒலி மறவாமல், வாய்மொழியாகவே இறங்கிவந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. 1805இல் அமக்குசாவில் ஏறத்தாழ 5,000 பேர் பிடிபட்டபோது, அவர்களைக் கிறித்தவர் என்று எழுதாமல், தவறான வழக்கம் உடையோர் என்று எழுதி விட்டுவிட்டனர் அதிகாரிகள். அத்தனை பேரையும் தண்டித்தால் நிலத்தை உழ ஆளிராது என்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வெளிப்பாடும் பின்னரும். 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் அயல்நாட்டாருக்காகக் கட்டப்பட்ட ஓராக் கோவிலுக்கு, அருகிலுள்ள ஊரக்காமியின் மறைவுக் கிறித்தவர் சிலர் வந்து, மரியாளின் சிலை எங்கே என்று பிரெஞ்சுப் பாதிரி பெத்தித்ழானிடம் மெல்லக் கேட்டனர். செய்தி அரசுக்கு எட்டியது. 1868 முதல் ஊரக்காமியைச் சேர்ந்த 3,000க்கும் மேற்பட்டோர் நாடெங்கும் சிதறடிக்கப்பட்டனர். அவர்களில் 600க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. மேலைநாடுகளின் கண்டனத்தை அடுத்து 1873இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பியவர்கள் எழுப்பிய பேராலயம் 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டில் அழிந்தது.

2018இல் நாகசாகிப் பகுதியின் 12 இடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இக்கிட்சுகியில் ஒராஷோ அறிந்தோர் அருகிவருகின்றனர். பித்தளைத் தகடுகளில் எஞ்சிய 19உம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.